பதினைந்து வயதில் வாசலுக்கு முதலில் வருபவர் யார்?



பள்ளிப் பிள்ளைகளுக்கான தொழில் வழிகாட்டல் என்றதும், அது ஏதோ நேற்று வந்த அரசுத் திட்டம் என்று நினைக்கிறோம். நம் நாட்டில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. ‘நீ என்ன ஆகப்போகிறாய்?’ என்ற கேள்விக்குப் பிள்ளை பிறக்கும் முன்பே பதில் எழுதி வைத்திருந்தது சாதி. ஆகவே யார் வழிகாட்டினார்கள், யாருக்குக் காட்டினார்கள், எந்த வயதில் காட்டினார்கள் என்றுதான் நாம் கேட்க வேண்டும். திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து இந்தக் கேள்விகளைப் பேச விரும்புகிறேன்.

1953ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப் பிள்ளை பள்ளியில் மூன்று மணி நேரம் இருந்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது அத்திட்டம். மக்கள் அதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்தார்கள். அதே 1953இல், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் டெல்லியில் அறிக்கை தந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்கள் வேண்டும், தொழில்கள் பற்றி எடுத்துச்சொல்லும் ஆசிரியர்கள் வேண்டும் என்றது அந்த அறிக்கை. பாஸ்டன் நகரில் புலம்பெயர்ந்த ஏழைகள் வாழ்ந்த பகுதியில் ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் தொடங்கிய வழிகாட்டல் நிலையத்தின் கருத்து இது. தன் திறனை அறி, தொழில்களை அறி, பிறகு நீயே தேர்ந்துகொள் என்பதே அதன் சாரம்.

ஒரே ஆண்டில் இரண்டு வழிகாட்டல்கள். ஒன்று அப்பனின் தொழிலைக் காட்டியது, மற்றது பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டது. போராட்டங்களின் விளைவாக, காமராஜர் முதல்வரான பிறகு 1954 மே மாதத்தில் முதல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் இரண்டாவது, சாதாரண அரசுப் பள்ளியின் வாசலை எட்டவில்லை. குலக்கல்வி போன இடத்தில் வேறொன்று வந்து அமரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் திருப்பூர் வளர்ந்தது.

பின்னலாடைத் தொழில் இங்கே 1920களிலேயே வேர்விட்டது. எழுபதுகளின் இறுதியிலிருந்து ஏற்றுமதி பெருகியது. கவுண்டர் சமூகத்து உழவர்களும் தொழிலாளர்களும் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதை ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். அவர்கள் தங்கள் வெற்றிக்குச் சொன்ன காரணம் ‘உழைப்பு’. உழைத்தது உண்மைதான். ஆனால் கட்டிங் மேசையில் நின்றவர் நான்கு மெஷின் வாங்கித் தனி யூனிட் போட நினைத்தபோது, கடனுக்கு நூல் கொடுக்கவும், ஜாப் ஒர்க் கொடுக்கவும், ஜாமீன் நிற்கவும் சொந்தபந்தம் இருந்தது. தொழிலை அறிந்த ஒருவர், நம்மை நம்பிக் கைகொடுக்கும் ஒருவர் இருப்பதும் வழிகாட்டல்தான். அது சாதிக்குள் நடந்ததால் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அதே நிலங்களில் பண்ணையாளாக இருந்த அருந்ததியர்களும் உழைத்தார்கள். கவலை இறைக்கத் தோல் பறி தைத்துக் கொடுத்தார்கள். பம்புசெட் வந்ததும் அந்த வேலை போனது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஜாமீன் நிற்க ஆளில்லை.

ஆனாலும் பனியன் கம்பெனியைச் சுரண்டல் என்று மட்டும் எழுதினால் பாதி வரலாறுதான் எழுதியவர்களாவோம். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் ஆகிய ஆய்வாளர்கள் இந்த வட்டாரக் கிராமங்களில் பார்த்ததை நாம் கவனிக்க வேண்டும். பஸ் ஏறித் திருப்பூருக்குப் போக முடிந்த ஊரில், தலித்துகள் பண்ணையத்தின் பிடியிலிருந்து ஓரளவு விடுபட்டார்கள். விசைத்தறி ஊருக்குள்ளேயே வந்த இடத்தில், முன்பணம் வாங்கித் தறிக்காரரிடம் கட்டுண்டார்கள். வாரச் சம்பளம் நம் மக்களுக்கு விடுதலையாகவும் இருந்திருக்கிறது. அதனால்தான் பதினைந்து வயதுப் பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பும் தாயை நாம் எளிதாகக் குற்றம் சொல்லிவிட முடியாது. அவள் அறிந்த ஒரே விடுதலை அது.

இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் ஏஜெண்டுகள். நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ அப்படித்தான் பரவியது. திண்டுக்கல், மதுரை தொடங்கித் தென்மாவட்டங்கள் வரை ஏஜெண்டுகள் போனார்கள். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, இப்படிச் சேர்ந்த பெண்களில் பெரும்பகுதி தலித்துகள் என்பதை உலகுக்குச் சொன்னது. அந்த ஏஜெண்டின் வேலையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். எந்த வீட்டில் படிப்பை நிறுத்தும் பெண் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக் கடன் தெரியும். எந்த மாதம் வர வேண்டும் என்று தெரியும். திண்ணையில் உட்கார்ந்து, தாய்க்குப் புரியும் மொழியில் பேசுவார். ஒரு நல்ல வழிகாட்டி செய்ய வேண்டிய அத்தனையும் அவர் செய்தார், மில்லுக்காக.

அரசு தரப்பிலும் வழிகள் திறக்காமல் இல்லை. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. 2009இல் அருந்ததியர்க்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 சதவீத இடங்கள் கிடைத்தன. 2022இல் ‘நான் முதல்வன்’ வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய ‘புதுமைப்பெண்’, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. முதலியார் அறிக்கைக்கும் இதற்கும் இடையில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள்.

இவை ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை. ஆனால் ஓர் உரிமை இருப்பது வேறு, அது இருக்கிறது என்று ஒருவர் வந்து சொல்வது வேறு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலியை இழந்து அலைய வேண்டும். ஷிப்டு முடிந்து இரவில் திரும்பும் பெற்றோருக்கு அந்த நாள் எங்கிருந்து வரும்? பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் ‘சும்மா இருப்பதற்குப் போய் வா’ என்று கைமடிக்கும் செக்கிங்குக்கும் போகும் பிள்ளை, முதல் சம்பளம் வாங்கிய பிறகு ஜூனில் பள்ளிக்குத் திரும்புவதில்லை. நாம் அதிகம் பிள்ளைகளை இழப்பது அந்த இரண்டு மாதங்களில்தான்.

இங்கே கூடியிருக்கும் மாணவர்களில் பலர் உங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள். எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றுக்கு எத்தனை முறை நடந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு நூல்களில் இல்லை. வரும் ஏப்ரலில் உங்கள் காலனியில் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏஜெண்ட் வருவதற்கு முன்னால் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். தாயிடமும் பேசுங்கள், பிள்ளையிடம் என்ன ஆக விருப்பம் என்றும் கேளுங்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு உடன் போங்கள். ஜூன் மாதம் அந்த நோட்டை எடுத்து, பள்ளிக்குத் திரும்பாதவர்களின் வீட்டுக்கு மறுபடியும் போங்கள்.