நோயாளியின் கட்டிலருகே ஒரு பரீட்சை

ஏட்டிலே கற்றதைத் தாளில் எழுதுவித்துப் புள்ளியிடுவது எளிது. புண்ணைக் கழுவும் கைக்குப் புள்ளியிடுவது எங்ஙனம்? தாதியர் கல்வியை நடத்துவோர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவோடு போராடி வருகின்றனர்.

கிரைமிய யுத்தகாலத்திற் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் ஆற்றிய சேவையைப் போற்றி மக்கள் வழங்கிய நிதியைக் கொண்டு, 1860ஆம் ஆண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பயிற்சிப் பாடசாலையொன்று திறக்கப்பட்டது. முதலிற் சேர்ந்தோர் 15 பெண்கள். பயிற்சி ஓராண்டு, உணவும் உறையுளும் இலவசம், கைச்செலவுக்கு 10 பவுண். அப்பெண்கள் வாட்டுக்களிலே உதவித் தாதியராக உழைத்துக்கொண்டே கற்றனர். ஆகவே அவர்களைச் சோதிக்கும் இடமும் வாட்டேயாயிற்று.

சோதனைக்கென மாதாந்தப் பத்திரமொன்று வகுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி ஒழுக்கம் பற்றியது: நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், உடற்சுத்தம், வாட்டை ஒழுங்காக வைத்திருத்தல் என ஐந்து தலைப்புக்கள். மற்றைய பகுதி தொழில் பற்றியது. அதிலே 14 தலைப்புக்கள். கொப்புளத்துக்கு மருந்து கட்டுதல், அட்டை விடுதல், படுக்கை விரித்தல், நோயாளருக்கு உணவு சமைத்தல் எல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் மிகநன்று, நன்று, நடுத்தரம், குறைபாடுடையது, பூச்சியம் என்னும் ஐந்திலொன்றை இடவேண்டும். நேரந்தவறாமையை ஒழுக்கத்தோடு சேர்த்தமை இன்று சிலருக்கு நகைப்பூட்டலாம். நள்ளிரவில் மருந்துக்காகக் காத்துக் கிடந்த நோயாளி நகைக்கமாட்டான். அப்பத்திரத்தில் என்னை மிகவுங் கவர்வது நோயாளரை அவதானித்தல் என்ற தலைப்பாகும். நாடி, மூச்சு, தோல், பசி, உறக்கம், புண்ணின் நிலை ஆகியவற்றைத் தாதி தானாகவே கண்டு சொல்கின்றாளா என்று அது கேட்டது. மனப்பாடஞ் செய்து ஒப்புவிக்கத்தக்க விடயமன்று அது.

பத்திரம் நன்று; அதை நிரப்பியவர்களின் நிலை யாது? வைத்தியசாலை முழுவதையும் ஆளும் பொறுப்பு மேற்றன் திருமதி வோட்றோப்பருடையது. அத்தனை பெண்களின் கைவேலையையும் அவர் எப்பொழுது நின்று பார்ப்பார்? கற்பிக்க வேண்டிய வாட்டுப் பொறுப்புத் தாதியருட் பலர் தாமே முறையாகப் பயின்றவரல்லர். 1872ஆம் ஆண்டளவில் நைற்றிங்கேல் அம்மையார் பாடசாலையைக் கூர்ந்து நோக்கியபோது, வைத்தியரின் விரிவுரைகளும் தளர்ந்திருக்கக் கண்டார். பின்னர் பயிற்சித் தாதியரைத் தாமே ஒருவர்பின் ஒருவராக அழைத்துப் பேசி, ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பெழுதினார். மொனிக்கா பேலி என்பார் 1986இல் வெளியிட்ட நூல், பாடசாலையின் பழைய ஏடுகளை ஆராய்ந்து, அதன் புகழுக்கும் நடைமுறைக்கும் இருந்த இடைவெளியை வெளிப்படுத்தியது.

1887இலே திருமதி பெட்போர்ட் பென்விக் முதலியோர் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை நிறுவி, தாதியரைப் பொதுப் பதிவேட்டிற் பதிய வேண்டுமென வாதாடினர். நைற்றிங்கேல் அம்மையார் எதிர்த்தார். பரீட்சை அறிவைக் காட்டும், குணத்தைக் காட்டாது என்பது அவர் கட்சி. அது மெய்யே. ஆயினும் பென்விக் அம்மையார் பக்கமும் நியாயமில்லாமலில்லை. பொது அளவுகோல் இல்லாதவிடத்து, ஒரு மேற்றனின் விருப்புவெறுப்பே ஒரு பெண்ணின் பிழைப்பைத் தீர்மானித்துவிடும். நைற்றிங்கேல் அம்மையார் 1910இல் மறைந்தார். பதிவுச் சட்டம் 1919இல் நிறைவேறியது.

சட்டம் வந்தும் வாட்டிலே தீர்ப்புக் கூறுவோரின் சங்கடம் நீங்கவில்லை. 2003இல் ஸ்கொட்லாந்திலே கதலின் டபி என்னும் ஆய்வாளர், வாட்டில் மாணவரை மதிப்பிடும் தாதியரையும் விரிவுரையாளரையும் வினவினார். தகுதியில் ஐயமிருந்தும் சில மாணவரைச் சித்தியடைய விட்டதுண்டு என்பது வெளிப்பட்டது. குறையை உரிய காலத்திற் சொல்லாமை, சொன்னால் நேரும் மனவருத்தம், சொல்லுந் துணிவின்மை ஆகியன காரணங்கள். தொடக்கத்தில் ஐயத்தின் பலனை மாணவருக்கு அளித்தோர், அடுத்த வாட்டில் எவரேனும் கண்டுகொள்வார் என்றிருந்தனர். அடுத்த வாட்டிலும் அவ்வாறே எண்ணினால், அம்மாணவி கையொப்பங்கள் நிறைந்த ஏட்டோடு இறுதியாண்டுக்கு வந்து சேர்கின்றாள்.