குதிரை எங்கே நிற்கிறது? பாதுகா சகஸ்ரத்தின் இரு சுலோகங்களும் 64 கட்டப் பலகையும்

வேதாந்த தேசிகர் (1268–1369) அரங்கனின் பாதுகைகளைப் பாடிய பாதுகா சகஸ்ரத்தில், சித்திர பத்ததியின் 929, 930-ஆம் சுலோகங்கள் சதுரங்க துரங்க பதபந்தமாக அமைந்தவை. முதல் சுலோகத்தின் 32 எழுத்துகளை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைகளில் எழுதி, இடது மேல்மூலையிலிருந்து குதிரையை ஓட்டினால் இரண்டாம் சுலோகம் கிடைக்கும்.

கணித மேதை ஆய்லர் 1759-இல் எழுதுவதற்கு நான்கு நூற்றாண்டு முன்பே, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே முறை தொடும் குதிரைப் பாதையைத் தேசிகர் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு சாரார் கொண்டாடுகிறார்கள். இன்னொரு சாரார் இதை வெறும் சொல்வித்தை என்று ஒதுக்குகிறார்கள். இரு தரப்பும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்ததாகத் தெரியவில்லை. பின்தொடர்ந்தால் முதலில் விழுவது கண்டுபிடிப்பு என்ற கூற்று. 9-ஆம் நூற்றாண்டில் ருத்ரடர் காவ்யாலங்காரத்தில் தந்த துரகபதம் என்ற குதிரை நடைச் செய்யுளின் பாதையும் தேசிகருடையதும் ஒன்றே.

ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. ருத்ரடரின் செய்யுள் பெரும்பாலும் நா, லீ என்ற இரண்டு எழுத்துகளால் ஆனது. நேராகப் படித்தாலும் குதிரை நடையில் படித்தாலும் அதே செய்யுள்தான் வரும். உரை கையில் இல்லாதவர் அதிலிருந்து பாதையை மீட்க முடியாது. தேசிகரிடம் இரண்டாம் சுலோகம் வேறொன்று. எனவே முதலாவது பலகையாகவும் இரண்டாவது நகர்வுகளின் பதிவாகவும் ஆகின்றன. 1737-இல் சதுரங்க ஆட்டக்காரர் பிலிப் ஸ்டாமா, நகர்வுகளைப் பதிய, எழுத்தும் எண்ணும் சேர்த்துக் கட்டங்களுக்குப் பெயரிட்டார். தேசிகரின் பலகையிலோ கட்டத்தின் பெயரே துதியின் எழுத்தாகவும் இருக்கிறது.

அந்தப் பதிவு எவ்வளவு துல்லியமானது? முதல் சுலோகத்தில் ‘ரா’ நான்கு இடங்களிலும், ‘தா’வும் ‘ஸ’வும் மூன்று மூன்று இடங்களிலும் வருகின்றன. சிக்கல் மூன்றாம் எழுத்திலேயே தொடங்குகிறது. இரண்டாம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் நிற்கும் குதிரைக்கு ‘ஸ’ மூன்றும் எட்டுகின்றன. மூன்றாம் வரிசையின் முதல் ‘ஸ’வுக்குப் போனால் அடுத்த எழுத்தான ‘ம’ எட்டாது. அதே வரிசையின் ஐந்தாம் கட்டத்து ‘ஸ’ பின்னால் 21-ஆம் எழுத்துக்குத் தேவைப்படுகிறது. மிஞ்சுவது முதல் வரிசையின் ஐந்தாம் கட்டம். 23-ஆம் எழுத்திலும் இரண்டு ‘தா’க்கள் எட்டும் தூரத்தில் உள்ளன. அடுத்து வரும் ‘தா’ (dā), மென்மையாக ஒலிக்கும் வேறெழுத்து, அவற்றில் ஒன்றிலிருந்து மட்டுமே எட்டுவதால் ஐயத்தைத் தீர்க்கிறது.

இப்படியே 29 எழுத்து வரை ஒரே வழிதான். அங்கே பாதை இரண்டாகிறது. குதிரை இரண்டாம் வரிசையின் நான்காம் கட்டத்தில் நிற்கிறது. மிஞ்சியவை ரா, ஸ, ரா. முதல் வரிசையின் இரண்டாம் கட்டத்து ‘ரா’வும் நான்காம் வரிசையின் மூன்றாம் கட்டத்து ‘ரா’வும் அங்கிருந்து எட்டுகின்றன. இடையிலுள்ள ‘ஸ’ இரண்டுக்குமே எட்டும். எந்தப் பக்கம் போனாலும் சுலோகத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. பதிவு என்று பார்த்தால் இது குறைதான்.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் சான்று சுலோகத்துக்குள் இல்லை, பலகையில் இருக்கிறது. நான்கு வரிசைகள் சதுரங்கப் பலகையில் பாதி. குதிரை முதல் வரிசையில் முடிந்தால், ஐந்தாம் வரிசைக்கு ஒரே தாவலில் போக வழியே இல்லை. நான்காம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் முடிந்தாலோ, அடுத்த தாவலில் ஐந்தாம் வரிசையின் முதல் கட்டம் கிடைக்கும். அது கீழ்ப்பாதியின் இடது மேல்மூலை. ருத்ரடரின் பாதையும் நான்காம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில்தான் முடிகிறது.

தேசிகர் 64 கட்டங்களை மனத்தில் வைத்திருந்தார் என்று இதனால் மட்டும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பழைய பாதையை அப்படியே எடுத்தாண்டிருக்கலாம். அப்படியே ஆனாலும், அந்தப் பாதை முழுப் பலகைக்காக வகுக்கப்பட்டது என்பதை மறுப்பது கடினம். அரைப்பலகையில் சதுரங்கமே இல்லை என்ற ஆட்சேபத்துக்கும் இதற்குமேல் விடை தேவையில்லை. ‘ரா’ வடமொழியில் மலிந்த எழுத்து, ஆகவே இந்த இரட்டை வழி தற்செயல் என்பாருண்டு. தற்செயலாகவே இருக்கட்டும், தாவலின் கணக்கு மாறாது.

கீழ்ப்பாதிக்கு மூன்றாவது சுலோகமும் வேண்டியதில்லை. 929-ஐ மறுபடி அடியில் எழுதி, 930-ஐ இன்னொரு முறை ஓதினால் குதிரை 64 கட்டங்களையும் தொட்டுவிடும். எட்டாம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் போய் நிற்கும்.