உச்சிவட்டக் கருவியும் சிந்தாமணி ரகுநாதாச்சாரியாரும்

சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சில் என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். 2026 மார்ச்சில் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். எதைக் கொள்வது என்னும் வினா இங்கே ஜொகூரின் தோட்டக் கோயில்களிலும் எழுவதுண்டு.

இவ்வழக்கு புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே அதில் முனைந்து நின்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய வானாராய்ச்சி நிலையத்தில் அவர் உதவியாளராகப் பணியாற்றினார்.

அங்கே 1862 முதல் பயன்பட்டது, இங்கிலாந்தில் டிரௌட்டன்-சிம்ஸ் நிறுவனத்தார் செய்த உச்சிவட்டக் கருவி. ஏனைய தொலைநோக்கிகளைப்போல் இஃது எத்திசையும் திரும்பாது. கிழக்கு மேற்காகக் கிடக்கும் அச்சைப் பற்றி, வடக்கு தெற்காக மட்டுமே ஏறி இறங்கும். விண்மீன் உச்சிவட்டத்தைக் கடக்கையில், கண்வில்லையிலுள்ள மெல்லிய இழைகளை அது தாண்டும் கணத்தைக் கடிகாரங்கொண்டு குறிப்பர். பாகை பொறித்த வட்டத்தில் அதன் உயரத்தை நுண்ணோக்கியால் படிப்பர். பூமியில் ஓர் ஊருக்குத் தீர்க்கரேகையும் அட்சரேகையும் போல, விண்மீனுக்கும் இவ்வாறு இரண்டு எண்கள் கிடைக்கும். கணம் தவறினால் மறுநாள் இரவு வரை காத்திருக்க வேண்டியதுதான்!

1887 வரை நடந்த இப்பணியால் 5,000-க்கு மேற்பட்ட விண்மீன்களின் நிலைகள் பட்டியலாயின. போக்சன் துரை தலைவராயிருந்த அந்நாளில், இரவுதோறும் விழித்து அளந்தவர்களுள் ரகுநாதாச்சாரியார் முக்கியமானவர். ஒரே மீனைத் திரும்பத் திரும்ப நோக்குவோர்க்கே அதன் மாறுதல் புலப்படும். தென்வானில் ரெட்டிக்குலம் என்னும் கூட்டத்திலுள்ள ஒரு மீன் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் அவர் கண்டறிந்தார். சென்னையில் அடிவானத்தை ஒட்டித் தோன்றும் அக்கூட்டம், நம் ஜொகூரில் இன்னும் சற்று உயரத்தில் தெரியும். லண்டன் அரச வானியற் கழகம் 1872-இல் அவரை உறுப்பினராக்கிற்று.

பழைய வாய்பாட்டிலுள்ள சிறு பிழையும் ஆண்டுதோறும் சேர்ந்து பெரிதாகும். ஆதலால் கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அம்முறையிலே பஞ்சாங்கமும் வெளியிட்டார். திருக்கணிதத்தின் முதற்சொல் மங்கலத் 'திரு' அன்று. பார்வை எனப் பொருள்படும் 'திருக்' என்னும் வடசொல்லே. கண்ணுக்கு ஒத்த கணிதம் என்பதே கருத்து.

1880-இல் அவர் மறைந்தார். முன்னோர் ஏட்டை அவர் இகழ்ந்தாரில்லை. அம்முன்னோரும் வானத்தைப் பார்த்தன்றோ எழுதினர்? பார்ப்பதை நாம் நிறுத்திவிட்டு ஏட்டை மட்டும் போற்றினால், அவர்கள் வழியில் நடப்பதாகுமா?