குளிர்நாட்டில் ஒரு சீட்டிப் பாவாடை

பள்ளியில் எங்களுக்கு மொலியேர் எழுதிய ‘லெ புர்ழுவா ழாந்தியோம்’ நாடகம் பாடமாக இருந்தது. 1670-இல் அரங்கேறிய நாடகம். பணம் சேர்ந்துவிட்ட வணிகர் ஒருவர் பிரபுவாக ஆசைப்பட்டுப் படும் பாடுதான் கதை. அதில் மிசியே ழுர்தேன் ஒரு ‘எந்தியேன்’ உடுத்திக்கொண்டு வந்து நிற்பார். மேன்மக்கள் காலை வேளையில் இப்படித்தான் இருப்பார்கள் என்று தையற்காரர் சொன்னதாகப் பெருமையடிப்பார்.

எந்தியேன் என்றால் இந்தியப் பெண் என்று மட்டுமே எங்களுக்குத் தெரியும். ஒரு பெண்ணை எப்படி உடுத்துவது என்று வகுப்பே சிரித்தது. ஆசிரியர் மேசையைத் தட்டி, “அது துணி, இந்தியாவிலிருந்து போன துணி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்தத் துணி எங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்தே கப்பல் ஏறியது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தத் துணியைத் தமிழில் நாம் சீட்டி என்போம். என் வயதுக்காரர்களுக்குச் சீட்டிப் பாவாடையும் சீட்டிச் சட்டையும் நினைவிருக்கும். பிரெஞ்சில் ‘ஷீத்’ என்றும் ஆங்கிலத்தில் ‘சின்ட்ஸ்’ என்றும் சொல்வது இதே சொல்லின் உறவுகள்தாம். வெயில்காலத்துக்கென்று நாம் நினைக்கும் இந்தப் பருத்தித்துணி, பிரான்சின் குளிர்காலத்தில் எப்படிப் புகுந்தது என்பதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

முதலில் துணியைப் பற்றி. சோழமண்டலக் கரையின் துணிகள் பலவற்றில் பூ வேலை அச்சடித்தது அல்ல, கையால் எழுதியது. வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து எடுப்பார்கள். பால் சேர்வதால் எழுதும் கோடு கசியாது. இரும்பைப் புளிக்கவைத்த கரைசல் கறுப்புக் கோட்டுக்கு. படிகாரக் கரைசல் சிவப்புக்கு. படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்பு பிடிக்கும், மற்ற இடத்தில் அலசினால் போய்விடும். நீலம் வேண்டுமென்றால், நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும்.

இந்த ரகசியம் பிரெஞ்சுக்காரருக்குத் தேவைப்பட்டது. 1734 வாக்கில் பொலியே என்ற கும்பெனிக் கப்பல் அதிகாரி புதுச்சேரியிலேயே உட்கார்ந்து, ஓவியர்கள் வேலை செய்வதைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். அந்தக் குறிப்பும் துண்டுகளும் இன்றும் பாரிசில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்து, 1742-இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்தூ இதே தொழிலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உறவு உண்டென்று பிற்காலத்தில் பாரிசுக்கு எழுதிய அதே கேர்தூதான். எழுதியவர் பெயர்கள் இருக்கின்றன. சொல்லிக்கொடுத்த நம் ஓவியர்களின் பெயர் அவற்றோடு நமக்கு வந்து சேரவில்லை.

இனி பிரான்சுக்குப் போவோம். 1664-இல் கொல்பேர் கிழக்கிந்தியக் கும்பெனியைத் தொடங்கினார். பத்து ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். துணி மூட்டைகள் போகத் தொடங்கின. அங்கே அதுவரை கம்பளியும் சணல்நார்த்துணியும்தான் சாமானியர் உடை, பட்டு பணக்காரர் உடை. கம்பளி கனக்கும், துவைப்பது பெரும்பாடு. பட்டைத் துவைக்கவே முடியாது. இந்தியத் துணியோ இலேசாக இருந்தது, துவைத்தாலும் நிறம் போகவில்லை, பூக்கள் பூத்துக் குலுங்கின. ஊரே மயங்கியது.

கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் அரசரிடம் முறையிட்டார்கள். 1686 அக்டோபர் 26-ஆம் தேதி, பதினான்காம் லூயி அரசரின் சபை ஆணை பிறப்பித்தது: வண்ணம் தீட்டிய இந்தியத் துணியைக் கொண்டுவந்து விற்கக்கூடாது, அதைப்போல் உள்நாட்டில் அச்சடிக்கவும் கூடாது, அச்சுக்கட்டைகளை உடைக்கவேண்டும். பின்னால் உடுத்துவதே குற்றமாயிற்று. கடத்துபவர்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை வரை போனது. இந்தத் தடை 1759 வரை, 73 ஆண்டுகள் நீடித்தது. இதற்குள் வெளியான ஆணைகள் ஏறக்குறைய 80 என்பார்கள்.

முப்பது ஆண்டுக்கு மேல் அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கைகளைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். ஒரே பொருளில் மேலும் மேலும் ஆணை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: முந்தைய ஆணையை யாரும் மதிக்கவில்லை.

உண்மையில் அப்படித்தான். காவலர்கள் தெருவில் போகும் பெண்களை நிறுத்தினார்கள். இன்ன வீட்டு அம்மாள் வெள்ளைத் துணியில் சிவப்புப் பூப்போட்ட சட்டையோடு சன்னலில் நின்றாள் என்று அறிக்கை எழுதினார்கள். எழுதிய குமாஸ்தாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. வீட்டுக்குப் போனால் அவர் மனைவியும் அதே துணியில்தான் இருந்திருப்பாள். அரசர் பதினைந்தாம் லூயியின் அன்புக்குரிய மதாம் தெ பொம்பதூர் தன் பெல்வூ மாளிகையைத் தடை செய்யப்பட்ட துணியால் அலங்கரித்திருந்தார். மேலே அப்படியென்றால் கீழே யார் அஞ்சுவார்கள்? சுவிட்சர்லாந்து எல்லை வழியாகவும், மாலுமிகளின் சொந்த மூட்டைகளிலும் துணி வந்துகொண்டே இருந்தது.

கும்பெனிக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருந்தது. தடைத்துணியை இறக்கி, பிரான்சில் விற்காமல் வெளியே அனுப்பலாம். அதில் ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களுக்கு விலையாயிற்று. நம் ஊர்த் துணியின் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சரி, பருத்தி எப்படிக் குளிர் தாங்கும்? இங்கேதான் தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் ஊர்த் துறைமுகம் மர்சேய். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக அங்கே ‘மிஸ்திரால்’ என்று ஒரு வடகாற்று வரும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வீசும். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், எலும்பு நடுங்கும்.

அதற்கு அவர்கள் செய்தது மூன்று அடுக்குப் பாவாடை. மேலே பூப்போட்ட நல்ல துணி. உள்ளே முரட்டுத் துணி அல்லது வேறொரு உடையிலிருந்து மிஞ்சிய துணி. நடுவே பஞ்சோ, கம்பளி மயிரோ. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவார்கள். மேல்பாதியில் சாய்சதுரக் கட்டங்கள். கீழ்ஓரத்தில் சாண் அகலத்துக்கு நெருக்கமான வளைவுகளும் பூக்களும். தையல் பஞ்சை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பஞ்சுக்குள் அடைபட்ட காற்று உடம்பின் சூட்டை வெளியே விடாது. துணி சூடு தருவதில்லை, அசையாத காற்றுதான் சூட்டைக் காக்கிறது.

‘பூத்தி’ என்ற இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு வெள்ளைத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, தையல்களுக்கு இடையே உள்ள வாய்க்காலில் பருத்தித் திரியை மழுங்கிய ஊசியால் நுழைத்து நிரப்புவார்கள். வடிவம் மேடாக எழுந்து நிற்கும். மடியில் குழந்தையை வைத்துக்கொள்ள இப்படியொரு சிறு விரிப்பு தைப்பார்கள். அதன் பெயர் ‘பெத்தாசூன்’. குழந்தையால் உடை நனையாமல் காப்பதற்கு. பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

உடுத்தும் முறைக்கும் ஒரு கணக்கு இருந்தது. உடம்பை ஒட்டிச் சணல்நார்த்துணிச் சட்டை. அதன்மேல் சாதாரணப் பாவாடை. அதன்மேல் இந்த மெத்தைப் பாவாடை. பக்கவாட்டில் இரண்டு பிளவு, உள்ளே நாடாவில் தொங்கும் பைக்குக் கைவிட. முன்னால் ஏப்ரன். மேலே இறுக்கமான சிறு சட்டை, தோளில் குறுக்காகப் போட்ட பூந்துணிக் கழுத்துக்குட்டை. வெவ்வேறு பூ, வெவ்வேறு நிறம், ஆனால் எல்லாவற்றிலும் அதே சாயவேர்ச் சிவப்பு எங்காவது ஓடும், அதனால் கண்ணை உறுத்தாது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரும்பழுப்புத் தரையில் பூப்போட்ட துணி அங்கே பிரபலமாயிற்று. புகைக்கூண்டு துடைப்பவர் என்று பொருள்படும் ‘ரமொனேர்’ என்பதே அதன் பெயர். அழுக்கும் தெரியாது.

1759-இல் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் ழூயி என்ற ஊரில் அச்சடிக்கத் தொடங்கினார். நம் ஓவியர்களின் கைத்திறனைக் கட்டையும், பிறகு செப்புத் தகடும் உருளையும் பிடித்துக்கொண்டன. நம் கரையிலிருந்து போவது குறைந்தது. புரோவான்ஸ் பெண்களின் தையல் மட்டும் நிற்கவில்லை. மேல்துணி எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன, காற்று அதே காற்றுதானே.

இவ்வளவும் நான் புத்தகத்தில் தேடியதற்குக் காரணம் வேறு. மூன்று ஆண்டுக்கு முன் என் அக்கா மகள் என்னை ஆர்ல் நகரில் உள்ள மியூசியோன் ஆர்லாத்தேனுக்கு அழைத்துப் போனாள். கவிஞர் ஃபிரெதெரிக் மிஸ்திரால் 1896-இல் தொடங்கிய அருங்காட்சியகம். காற்றுக்கும் கவிஞருக்கும் ஒரே பெயர். நோபல் பரிசுப் பணத்தையும் அதற்கே கொடுத்தார். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தையல் பாவாடையைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அதே கட்டம். அதே ஓட்டுத்தையல்.

1964-இல் என் அக்கா கப்பலேறினார். அத்தான் சொல்தா. 1962-இல் ஊர் இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். சனவரியில் மர்சேயில் இறங்கவேண்டும். கம்பளிக் கோட்டு வாங்க எங்களிடம் பணமில்லை. அம்மா சீட்டித் துணி இரண்டு கெஜம் வாங்கினார். தன் பழைய நூல் புடவையைக் கிழித்து உள்பக்கம் வைத்தார். தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை நடுவே பரப்பினார். விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு இரவு தைத்து, கையில்லாத ஒரு மேல்சட்டை ஆக்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்க்கச் சிறு மெத்தைபோல் இருந்தது. நானும் அக்காவும் சிரித்தோம். அக்கா அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றார். அம்மா, “குளிருக்கு உன் வெட்கமெல்லாம் தெரியாதுடி, பெட்டியில வை” என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் முதல் கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். அதில், அந்தச் சட்டையைப் போட்டதும் அத்தானுடைய பழைய கோட்டில் பொத்தான் போட முடியவில்லை, துறைமுகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று ஒரு வரி. அம்மாவின் மனம் புண்படுமே என்று அந்தப் பத்தியையே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். விட்ட பத்தியின் கடைசி வரியையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அம்மா போன பிறகு, அக்கா கேட்டார்: “தம்பி, அந்தச் சட்டைதான் என்னைக் காப்பாத்திச்சுன்னு எழுதியிருந்தேனே, அம்மா அதைப்பத்தி ஒரு வார்த்தை கேட்டு எழுதவே இல்லையே?” நான் பதில் சொல்லவில்லை. பிறகு சொல்லவும் வாய்ப்பில்லை. அக்காவும் போய் ஆறு ஆண்டாகிறது.

அருங்காட்சியகத்தில் அதை அக்கா மகளிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தச் சட்டையை வெட்டித்தான் அவள் தொட்டிலுக்கு விரிப்பு தைத்ததாக அக்கா சொல்வார் என்றாள். விரிப்பு இப்போது இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பாவாடையைத் தைத்தவர் பெயரைத் தேடினேன். இல்லை. என் அம்மாவின் பெயர் அமிர்தம்மாள். உங்கள் வீட்டுப் பெட்டியில் கையால் தைத்த பழைய உருப்படி ஏதேனும் இருந்தால், தைத்தவர் பெயரை ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள்.