தடமும் களமும்: பாலக்காட்டுச் சமவெளியும் இடுக்கி மலையும்

‘தடகளம்’ என்னும் சொல் தடம், களம் என்னும் இரண்டின் கூட்டு. தடம் என்பது கால் பதிந்து உண்டாகும் வழி. களம் என்பது நெல்லடிக்கச் செதுக்கிச் சமன்செய்த நிலம். பாலக்காட்டில் வயலை ஒட்டிய பண்ணைவீட்டுக்கும் களம் என்றே பெயர். வழி எங்கும் உண்டு. சமநிலம் எங்கும் இல்லை. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் பள்ளி விளையாட்டு வரலாற்றில் இவ்வேறுபாட்டின் பங்கு பெரிது.

400 மீட்டர் ஓடுதளத்தின் வடிவம் கணக்கால் ஆனது. 84.39 மீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்தடங்களை 36.50 மீட்டர் ஆரமுடைய இரண்டு அரைவட்டங்கள் இணைக்கின்றன. ஒவ்வொரு ஓடுபாதையும் 1.22 மீட்டர் அகலம். எட்டுப் பாதைகள் அமைக்க 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும், அதாவது ஏறத்தாழ 4 ஏக்கர் சமநிலம் வேண்டும். மழைநீர் வடிய உட்புறம் நோக்கி 100-க்கு 1 என்ற அளவுக்கு மேல் சரிவு கூடாது. ஓடும் திசையில் 1000-க்கு 1 மட்டுமே. காலை, மாலை வெயில் கண்ணில் படாதிருக்க நீளவாட்டம் வடக்கு தெற்காக அமைவது வழக்கம்.

பாலக்காட்டில் இவ்வழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே காற்று கிழக்கு மேற்காகவே வீசுகிறது. நேர்தடத்தில் பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் ஓட்டமும் நீளத் தாண்டலும் சாதனைக் கணக்கில் சேரா. வடக்கு தெற்காக அமைந்த தடத்தில் கணவாய்க் காற்று பெரிதும் குறுக்கே கடந்துவிடும். இச்சமவெளியின் முண்டூர், பறளி போன்ற சிற்றூர்ப் பள்ளிகள் மண் மைதானங்களிலிருந்தே வீரர்களை உருவாக்கின. முண்டூரின் பி.யு. சித்ரா 2017-இல் புவனேசுவரத்திலும் 2019-இல் தோகாவிலும் ஆசியத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

இடுக்கியின் நிலை வேறு. ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் 93 மீட்டர் அகலத்தைச் சமன்செய்ய வேண்டுமானால், மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே 18 மீட்டருக்கு மேற்பட்ட உயர வேறுபாட்டை வெட்டியும் நிரப்பியும் ஈடுகட்ட வேண்டும். தேயிலைக்குச் சரிவு பொருந்தும், ஓடுதளத்துக்குப் பொருந்தாது. மூணாற்றில் இயற்கையான சமநிலம் ஆற்றோரத்தில்தான் கிடைக்கிறது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையையே அடித்துச் சென்ற நிலம் அது.

ஆயினும் இம்மலை ஓட்டக்காரர்களைத் தந்துகொண்டே இருந்தது. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம் வென்ற கே.எம். பீனாமோளும், 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரனும் இடுக்கியின் மலைக்கிராமங்களில் பிறந்தவர்களே. மெக்சிகோ நகரில் 1968-இல் நடந்த ஒலிம்பிக்கை ஒட்டி, உயரமான இடங்களில் பயிற்சி பெறுவதன் பயனை உலகமே ஆராயத் தொடங்கியது. இடுக்கிப் பிள்ளைகளுக்கு மலை பிறப்பிலேயே கிடைத்தது, ஓடுதளம் கிடைக்கவில்லை. மலையடிவாரத்துக் கோதமங்கலத்தின் பள்ளிகள் மாநிலப் போட்டிகளில் நெடுங்காலம் கோலோச்சியதையும் இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மலைப்பள்ளிக்கு நீள்வட்ட ஓடுதளம் ஒன்றே வடிவம் என்று கொள்வதே பிழை. சரிவின் சமவுயரக் கோட்டை ஒட்டி 130 மீட்டர் நீளத்தில் ஆறு பாதைகள் அமைக்க 7.32 மீட்டர் அகலமே போதும். அது ஒரு சாலையின் அகலம். 100 மீட்டர் ஓட்டம், தடையோட்டம், நீளத் தாண்டல் ஆகிய மூன்றுக்கும் அதுவே களமாகும். மலையில் சாலை வெட்டத் தெரிந்த சமூகத்துக்கு இது அரிய பணியன்று. சமவெளியின் அளவுகோலையே மலைக்கும் நீட்டும்வரை, லயத்து வீட்டுப் பிள்ளை ஓடக் கற்பதற்கு முன் ஊரைவிட்டு இறங்கக் கற்க வேண்டியிருக்கும்.