தமிழ்க் கிறித்தவத்தில் மறுமை நம்பிக்கை

தமிழ்க் கிறித்தவத்தில் மறுமை நம்பிக்கை என்பது, இறப்புக்குப் பின் மனிதருக்கு நேர்வதைப் பற்றித் தமிழ்நாட்டுக் கிறித்தவர்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஏற்றும் விவாதித்தும் வந்துள்ள கருத்துகளைக் குறிக்கும். ஒரே பிறவி, ஒரே இறப்பு, இறைவனின் தீர்ப்பு, உலக முடிவில் உடலோடு உயிர்த்தெழுதல், அதன்பின் முடிவில்லாத விண்ணக வாழ்வு அல்லது நரகம் என்பது பெரும்பாலான சபைகளுக்குப் பொதுவான அடிப்படையாகும். இதைத் தமிழ் மண்ணில் எடுத்துச் சொன்னபோது எழுந்த முதல் கேள்வி கோட்பாட்டைப் பற்றியதன்று. 'எங்களுக்கு முன்னே செத்துப்போனவர்கள் எங்கே?' என்பதே அது.

பின்புலம்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் குமராட்சி உள்ளது. சாலையின் ஒரு முனையில், கண்டாலே முத்தி கிட்டும் எனச் சைவர் போற்றும் தில்லை. மறுமுனையில், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த வீரநாராயணபுரம். வினை, மறுபிறவி, முத்தி, வைகுந்தம் ஆகியவை இப்பகுதியில் படித்தவருக்கு மட்டும் உரிய சொற்களாக இருந்ததில்லை. இந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் கிறித்தவப் பணித்தளங்கள் அமைந்தன. தெற்கே தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கினார். வடக்கே கடலூரில் 1737இல் சீர்திருத்தச் சபையின் பணித்தளம் தொடங்கியது; 1740இல் கீர்நாந்தர் அங்கே பொறுப்பேற்றார். மேற்கே, விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பினார்.

முன்னோர் பற்றிய கேள்வி

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே பணி செய்த பிரான்சிசு சவேரியார் பின்னர் சப்பான் சென்றார். நரகத்திலிருந்து மீட்சி இல்லை என்று கேட்ட சப்பானியப் புதுக் கிறித்தவர்கள், இறந்துபோன பெற்றோரையும் பிள்ளைகளையும் நினைத்து அழுததையும், அதைக் கண்டு தம் மனமும் வருந்தியதையும் 1552ஆம் ஆண்டு மடலில் அவர் பதிவு செய்துள்ளார். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நீர்நிலை தேடிச் சென்று முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாட்டில் இக்கேள்வி எவ்வளவு கனமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. சமயம் மாறியவர் தம் வழக்கத்தை மட்டுமன்று, இறந்த தாய்க்குத் தாம் செய்துவந்த கடமையையும் விட வேண்டியிருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் தெளிவான விடை வர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தம் குற்றமின்றிக் கிறித்துவை அறியாதிருந்து, மனச்சான்றின்படி வாழ முயன்றவர்களும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் ஏடாக்கியது. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகள் நிலையும் இதைப் போன்றதே. அவர்கள் துன்பமும் பேரின்பமும் இல்லாத 'லிம்போ' என்ற நிலையில் இருப்பர் என்று இடைக்காலம் முதல் இறையியலாளர் பலர் கருதினர். அக்குழந்தைகளும் மீட்புப் பெறுவர் என்று நம்ப வலுவான காரணங்கள் உள்ளன என, வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு 2007இல் அறிவித்தது. பிரசவத்திலேயே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இதற்காக எத்தனை தலைமுறை காத்திருந்தனர் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மறுபிறவி மறுப்பு

1606இல் மதுரைக்கு வந்து துறவிக் கோலம் பூண்ட இராபர்ட் தெ நோபிலி, மறுபிறவியை மறுப்பதற்கென்றே 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்ற நூலைத் தமிழ் உரைநடையில் எழுதினார். உணவு, உடை, பழக்கவழக்கம் ஆகியவற்றில் நாட்டு வழக்கத்தைத் தாராளமாக ஏற்ற அவர், இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காரணம் வெளிப்படை. மறுபிறவி உண்டெனில் இந்த ஒரு வாழ்வின் முடிவில் வரும் தீர்ப்புக்குப் பொருளில்லை. உடலோடு உயிர்த்தெழுதல் என்பதற்கு எந்த உடலோடு என்ற கேள்வி வரும்.

ஆனால் வினைக்கொள்கையை விலக்கினால், ஒருவர் ஏன் பார்வையின்றிப் பிறக்கிறார் என்பதற்கு வேறு விடை சொல்லியாக வேண்டும். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் சீடர்கள் இதே கேள்வியை இயேசுவிடம் கேட்கின்றனர். அவர் செய்த பாவமுமன்று, பெற்றோர் செய்த பாவமுமன்று என்பதே விடை.

தொடக்கத் திருச்சபை மறுபிறவியை ஏற்றிருந்ததாகவும், கி.பி. 553இல் அது நீக்கப்பட்டதாகவும் இணையத்தில் அடிக்கடி எழுதப்படுகிறது. இது சரியன்று. அக்காலத்தில் கண்டிக்கப்பட்டது, உடலுக்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்ற ஒரிஜனின் கருத்தாகும். அந்த ஒரிஜனே மத்தேயு நற்செய்தி உரையில் கூடுவிட்டுக் கூடுபாயும் பிறவிகளை மறுத்துள்ளார்.

சொற்களும் பொருளும்

மோட்சம், நரகம் என்ற பழஞ்சொற்களையே கிறித்தவரும் எடுத்தாண்டனர், பொருள்தான் மாறியது. சைவ, வைணவ வழக்கில் மோட்சம் பிறவிச் சுழலிலிருந்து விடுதலை. கிறித்தவ வழக்கில் அது கடவுளோடு வாழும் பேரின்பம். நரகமோ புராணங்களில் பெரும்பாலும் காலவரை உடையது. தண்டனை தீர்ந்ததும் உயிர் மீண்டும் பிறக்கும். கிறித்தவ நரகத்துக்கு முடிவில்லை. மாணவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகின்றனர்.

காலவரை உடைய துன்பத்துக்குக் கத்தோலிக்கர் வேறொரு சொல்லை வைத்திருந்தனர்: உத்தரிக்கிற ஸ்தலம். பாவத்துக்கு ஈடுசெய்து தூய்மை அடைவதே உத்தரித்தல். (கார்மேல் மாதா பக்தர்கள் அணியும் உத்தரியம் வேறு, அது துணியைக் குறிக்கும் சொல்.) அங்குள்ள ஆன்மாக்களுக்கு உயிரோடிருப்போரின் செபம் உதவும் என்பது நம்பிக்கை. இதனை 1439இல் புளோரன்சு சங்கமும் 1563இல் திரெந்து சங்கமும் உறுதிசெய்தன. இறந்தோருக்காகப் பலி ஒப்புக்கொடுத்தலைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலைச் சீர்திருத்தச் சபையார் திருமறையில் சேர்ப்பதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தையும் ஏற்பதில்லை. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதிய காலத்தில், இத்தகைய வேறுபாடுகள் தமிழிலேயே வாதிடப்பட்டன.

பழைய கத்தோலிக்க வழக்கில் 'சரீர உத்தானம்' எனப்பட்டது இன்று உடலின் உயிர்த்தெழுதல் எனப்படுகிறது. மண்ணில் விழுந்த விதை வேறு உருவில் எழுவதைப் பவுல் இதற்கு உவமையாகக் காட்டுகிறார். கொள்ளிடக் கரையில் நாற்றங்கால் விடுபவருக்கு அந்த உவமைக்கு உரை தேவைப்படாது.

கல்லறைத் திருநாள்

பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், இறந்த அனைவரையும் நினைவுகூர நவம்பர் 2ஆம் நாளை ஏற்படுத்தினார். தமிழ்நாட்டில் அது கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை சாத்தி, மெழுகுதிரியும் ஊதுவத்தியும் ஏற்றுவர். குருவானவர் கல்லறைகளை மந்திரிப்பார். முன்னோருக்குச் செய்யும் கடமை இந்த உருவில் தொடர்வதாகவே தோன்றுகிறது. சீர்திருத்தச் சபையார் சிலர் உயிர்ப்பு ஞாயிறு விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடுவர். அங்கே இறந்தோருக்காக வேண்டுவதில்லை. அவர்கள் வாழ்வுக்காக நன்றி சொல்லப்படும்.

எல்லாரும் ஒன்றாக உயிர்த்தெழுவர் என்று அறிக்கையிடும் சபைகளின் கல்லறைகளிலும் சாதி புகுந்தது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரின் கல்லறைகளைத் தனியே பிரிக்கும் சுவரை அகற்றக் கோரிப் பல ஆண்டுகளாகப் போராட்டங்கள் நடந்துள்ளன.