பல்ட்மன் இறுதிச்சடங்கு இல்லம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலம், நியூ ஆர்லியன்ஸ் நகரில் பல்ட்மன் குடும்பத்தார் தலைமுறைகளாக நடத்திவந்த ஈமச்சடங்கு நிலையம். டிராம் ஓடும் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவும் லூசியானா அவென்யூவும் கூடும் முனையில் உள்ள பழைய மாளிகையில் இயங்கியது.

தொழில் தொடங்கிய ஆண்டு 1883. மாளிகை ஒரே கட்டடமன்று, அடுத்தடுத்திருந்த பழைய குடியிருப்புகளை இணைத்து விரித்தது என்பர்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் இறந்தோரை வீட்டுக் கூடத்திலேயே கிடத்தி, உறவினர் கண்விழித்திருந்து, அங்கிருந்தே எடுப்பது வழக்கம். உள்நாட்டுப் போரில் (1861–65) மாண்ட வீரர்களை ரயிலில் ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், உடலைப் பதப்படுத்தும் முறை பரவியது. 1865இல் அதிபர் லிங்கனின் உடலும் அவ்வாறே பதப்படுத்தப்பட்டு, ஊர் ஊராக மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. இவ்வேலைக்குத் தனி இடமும் கருவிகளும் தேவைப்பட்டதால், சாவுச் சடங்கு மெல்ல வீட்டைவிட்டு வெளியேறியது. தொழில் செய்தோர் பலர் அதற்குப் பெரிய குடியிருப்பு மாளிகைகளையே தேர்ந்தனர். சவப்பெட்டியைத் தூக்கி வருவோர் இடிபடாமல் நுழைய அகன்ற வாசல் இருந்தது. ஒரே நாளில் இரண்டு குடும்பங்கள் வந்தாலும் தனித்தனியே அமர்ந்து அழ அறைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, துக்கத்தோடு வருபவருக்கு அது ஒரு வீடாகவே தோன்றியது.

பல்ட்மன் இல்லத்தைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டிருப்பது அதன் சடங்குகளைப் பற்றியல்ல, அக்குடும்பத்துப் பிள்ளைகளையும் குடும்ப வீட்டின் பசுமைக்கூடத்தையும் பற்றியே. மகன் ஃபிரிட்ஸ் பல்ட்மன் (1919–1985) ஹான்ஸ் ஹோஃப்மனிடம் பயின்ற அரூப ஓவியர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் புதிய ஓவியத்தைப் புறக்கணிப்பதாகக் கண்டித்து 1950இல் 18 ஓவியர்கள் விடுத்த பகிரங்கக் கடிதத்தில் அவரும் கையெழுத்திட்டார். அக்குழுவைப் புகழ்பெறச் செய்த ‘லைஃப்’ இதழ்ப் படம் எடுக்கப்பட்டபோது அவர் இத்தாலியில் இருந்தார். பின்னாளில் அவர் பெயர் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார் உளர். அவருடைய சகோதரி மியூரியல் பல்ட்மன் பிரான்சிஸ் கலைப்பொருள் சேகரிப்பாளர்.

நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் ஃபிரிட்ஸின் நண்பர். 1958இல் அரங்கேறிய ‘சடன்லி லாஸ்ட் சம்மர்’ நாடகம் நியூ ஆர்லியன்ஸின் கார்டன் டிஸ்ட்ரிக்ட் மாளிகை ஒன்றின் காடு போன்ற தோட்டத்தில் நிகழ்கிறது. அங்கே பூச்சியுண்ணும் செடி ஒன்று கண்ணாடிக்குள் வளர்கிறது. அதற்கு இரையாக ஈக்களை வெளியூரிலிருந்து தருவிக்கிறார்கள். மகனை இழந்த தாய் அத்தோட்டத்தை அவன் நினைவாகக் காத்துவருகிறாள். இதற்கு மூலம் பல்ட்மன் குடும்ப வீட்டின் பசுமைக்கூடமே என்பது உள்ளூரில் நெடுநாளாக வழங்கும் கருத்து. ஆனால் நாடகத்தில் அக்குடும்பத்தின் பெயர் எங்கும் இல்லை. ஆசிரியர் பல தோட்டங்களைக் கலந்து புனைந்திருக்கவும் கூடும். பிணத்தைக் கிடத்தும் அறைகளுக்கு அருகிலேயே செழித்த ஒரு தோட்டம் எழுத்தாளர் ஒருவரின் மனத்தில் பதிந்திருக்கக்கூடும் என்பது மட்டும் நம்பத்தக்கது. 1959இல் வந்த இந்நாடகத்தின் திரைப்படத்தில் எலிசபெத் டெய்லரும் கேத்தரின் ஹெப்பர்னும் நடித்தனர்.

2005ஆம் ஆண்டு கத்ரீனா புயலுக்குப் பின் பல்ட்மன் இல்லத்தில் சடங்குகள் நின்றன. 2008இல் பார்டர்ஸ் புத்தகக் கடை வந்தது. அந்நிறுவனம் 2011இல் மூடப்பட்டபின் மளிகை அங்காடி ஒன்று இடம்பிடித்தது.